தலைக்கட்டுக்கு ஒரு முழத் துணி

மலாக்காவில், காஜா பெராங்கில், எங்கள் ஊர் மண்டபத்தைப் பார்க்கிறவர்கள் சிரிக்கிறார்கள். முன்பக்கம் அகலம். நடுவில் இடுப்பு மாதிரி ஒடுங்கும். அதற்கப்புறம் வால் மாதிரி நீண்டு போகும். எந்த மடையன் போட்ட பிளான் என்று கேட்கிறார்கள். ஒரு மடையன் போட்டது இல்லை, பல பேர் சேர்ந்து போட்டது. நானும் அதில் ஒருத்தி. அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

நான் அந்த மண்டபத்தைக் கூட்டிப் பெருக்குகிறவள். ஜப்பான்காரன் காலத்தில் அதற்குச் சம்பளம் வாரம் ஒரு பால்டின் அரிசி. கமிட்டி கூடினால் கருகின சோளத்தைக் காப்பி என்று சொல்லிக் கலக்கிக் கொடுப்பதும் என் வேலைதான். அவர்கள் பேசியதெல்லாம் அப்படித்தான் என் காதில் விழுந்தது.

ஜப்பான்காரன் வந்த பிறகு விசேஷ நாட்களில் எல்லாரும் மண்டபத்துக்கு வந்து, அவன் ராஜா இருக்கும் திசையைப் பார்த்துக் குனிய வேண்டும். மண்டபத்துக்குள் அறுபது பேர் நிற்கலாம். குனியத்தான் முடியாது. குனிந்தால் முன்னால் நிற்பவன் முதுகுக்குக் கீழே நம் நெற்றி முட்டும். ஒரு நாள் கமிட்டித் தலைவர், ஜப்பான் அதிகாரிக்கு நேர் பின்னால் நின்றுகொண்டு, பக்தி கொஞ்சம் கூடிப்போய் வேகமாகக் குனிந்துவிட்டார். முட்டினது அதிகாரியை. அதிகாரி திரும்பி ஒரு அறை விட்டான். அடுத்து, அதே மூச்சில், மண்டபத்தைப் பெரிதாக்கச் சொன்னான். அரிசி லிஸ்டில் பெயர் இருக்கிற அத்தனை பேரும் ஒரே நேரத்தில் குனிய இடம் வேண்டும் என்பது உத்தரவு.

அரிசி லிஸ்ட் எப்படிப்பட்டது என்று ஊருக்கே தெரியும், அதிகாரிக்கு மட்டும் தெரியாது. தலைக்கு இத்தனை அரிசி என்றால் எவன் உண்மைத் தலையை மட்டும் சொல்வான்? செத்தவர்களை எழுதினார்கள். பிறக்காத பிள்ளைகளை எழுதினார்கள். கப்பலையே பார்க்காமல் இந்தியாவில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த என் கொழுந்தனார் இரண்டு பேரை நான் எழுதினேன். லிஸ்டில் நானூறு பேருக்கு மேல். மூச்சு விடுகிறவர்கள் அதில் பாதி இருந்தால் அதிகம்.

மண்டபத்தைப் பெரிதாக்க அதிகாரி காசு தரமாட்டான். எப்படிச் செலவு செய்யப்போகிறீர்கள் என்று மட்டும் கேட்டான். தலைவர் பலகை வியாபாரி. மண்டபத்துக்குப் பின்னாலேயே கிடங்கு வைத்திருந்தார். தன் கிடங்கிலிருந்து ஒரு பலகை கூட வெளியே வராமல் இந்தக் காரியம் முடிய வேண்டும் என்பது அவர் கவலை. எங்கள் ஆட்கள் எல்லா நல்லது கெட்டதுக்கும் செய்கிறபடி, தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி போட்டுவிடலாம் என்றார். கல்யாணமாகித் தனி அடுப்பு வைத்த ஆம்பளை ஒரு தலைக்கட்டு. எங்கள் ஊரில் முப்பத்தெட்டுத் தலைக்கட்டு.

இதை அதிகாரிக்கு மொழிபெயர்த்தவர் பக்கத்துக் கிராமத்து மலாக்காச் செட்டி. நல்ல மனிதர். கோயிலும் விபூதியும் நம்மைப் போலத்தான், ஆனால் வீட்டில் பேசுவது மலாய். தமிழில் அங்கொரு சொல் இங்கொரு சொல் தெரியும். தலை தெரியும், கட்டு தெரியும். இரண்டையும் சேர்த்தால் வேறொன்று ஆகும் என்பது தெரியாது.

"இக்காட் கெப்பாலா, துவான்," என்றார்.

துவான் என்றால் ஐயா. இக்காட் கெப்பாலா என்றால் தலையைக் கட்டுவது. முப்பத்தெட்டுப் பேர் தலையைக் கட்டிக்கொள்ளத் தயாராக இருக்கிறார்கள் என்று அதிகாரிக்கு அர்த்தமாயிற்று. அவன் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததே இல்லை. பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து நெற்றியைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டு எங்களுக்குக் காட்டினான். அவர்கள் நாட்டில் உயிரைக் கொடுத்து வேலை செய்யப் போகிறவன் இப்படித்தான் கட்டுவானாம். கறுப்புத் தோல்காரர்களுக்கும் இந்த வழக்கம் இருக்கிறதே என்று அவன் கண் கலங்கினான். சத்தியமாகக் கலங்கினான்.

தலைவர் வெளியே வந்து செட்டியைப் பிடித்துக்கொண்டார். வரியைப் பற்றிச் சொன்னால் துணியைப் பற்றிச் சொல்லியிருக்கிறீரே என்று கத்தினார். செட்டி அசையவில்லை.

"தலை, கெப்பாலா. கட்டு, இக்காட். அப்பா சாலா?" என்றார். இதில் என்ன தப்பு என்று கேட்டார். 

மறுநாள் உத்தரவு வந்தது. தலைக்கட்டுக்கு ஒரு முழம் வெள்ளைத் துணி. அதில் அதிகாரி சிவப்புச் சாப்பு, அதாவது முத்திரை, குத்துவான். அதைத் தலையில் கட்டியவன் மண்டப வேலையாள். வேலை முடியும்வரை அவனை வேறு எந்த வேலைக்கும் யாரும் கொண்டுபோகக் கூடாது.

துணிக்கு நாங்கள் எங்கே போவது? ஊரில் பாதிப் பேர் சாக்கைக் கட்டிக்கொண்டு திரிந்த நேரம். என் கணவருக்கு இருந்தது ஒரே வேட்டி. அதில் ஒரு முழம் கிழித்தேன். அப்புறம் அது முழங்காலுக்கு மேலே நின்றது. மானத்தை மறைக்க வேண்டிய துணியை எடுத்து மண்டையில் கட்ட வைத்துவிட்டான் ஜப்பான்காரன் என்று அவர் திட்டிக்கொண்டே கட்டினார்.

அந்தச் சாப்பின் மதிப்பு எங்களுக்கு ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. என் கணவர் மாட்டு வண்டி ஓட்டுகிறவர். புக்கிட் காதிலிலிருந்து பசாருக்கு மரவள்ளிக்கிழங்கு ஏற்றி வந்துகொண்டிருந்தபோது சிப்பாய்கள் மறித்தார்கள். சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கிற லாரி. அதில் போனவர்கள் யாரும் எங்கள் தெருவுக்குத் திரும்பி வந்ததில்லை. அவரையும் பிடித்து ஏற்றிவிட்டார்கள். ஏற்றின பிறகு ஒருவன் தலைத்துணியில் இருந்த சாப்பைப் படித்துவிட்டு, கழுத்தைப் பிடித்துக் கீழே தள்ளினான்.

வீட்டுக்கு வந்தவர் சாப்பிடவில்லை. கேட்டதற்குத்தான் சொன்னார். லாரியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆள், முன்பின் தெரியாதவன், இவர் இறங்கும்போது கையைப் பிடித்துக் கெஞ்சினானாம்.

"அண்ணே, அந்தத் துணியில பாதி கிழிச்சுக் குடுண்ணே."

இவர் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் இரண்டு பேரும் போயிருப்பார்கள். எனக்கு அது தெரியும், அவருக்கும் தெரியும். தெரிந்தும் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

செய்தி பரவினதும் ஊர் தலைகீழாகிவிட்டது. முன்பெல்லாம் வரிக்குப் பயந்து, அண்ணன் தம்பி நான்கு பேர் நான்கு அடுப்பு வைத்துக்கொண்டு, நாங்கள் ஒரே தலைக்கட்டு என்று சத்தியம் செய்வார்கள். இப்போது ஒரே பானையில் தின்கிறவர்கள் எல்லாம் தனித்தனித் தலைக்கட்டு என்று கமிட்டி வாசலில் நின்றார்கள். ஒரு வீட்டில் அப்பனும் மகனும் பொய்ச் சண்டை போட்டுச் சட்டியை உடைத்தார்கள். கல்யாணமாகாதவன் தலைக்கட்டு ஆக முடியாது என்று தலைவர் சட்டம் பேசினதால் ஒரே மாதத்தில் ஐந்து கல்யாணம். செமாபோக்கிலிருந்து ஒருவன் வந்து எங்கள் தெருக்கோடி விதவையைக் கட்டிக்கொண்டான். அவளுக்கு அவனைவிடப் பதினைந்து வயது அதிகம். இரண்டு பேரும் நன்றாகத்தான் வாழ்ந்தார்கள்.

இத்தனை பேர் வேலைக்கு வந்தால் மண்டபம் வளரத்தானே செய்யும்? மெதுவாகத்தான் செய்தார்கள். ஒரு தூணைத் தூக்க ஒன்பது பேர், தூக்கிய தூணைக் கோணல் என்று பிடுங்க ஒன்பது பேர். இருந்தாலும் ஒரு நாள் முன்பக்கத்தை அகலமாக்கின சுவர் நின்றுவிட்டது. கூரைக்கு அத்தாப்பு ஓலை மட்டும்தான் பாக்கி. அதிகாரி வந்து தட்டிப் பார்த்தான். மிகவும் திருப்தி என்றான். கூரை முடிந்ததும் தலை கட்டிய அத்தனை பேரையும் சேர்த்து, இதே உற்சாகத்தோடு, சயாமுக்கு அனுப்பிவைக்கப் போவதாகச் சொன்னான். அதைப் பரிசு மாதிரி சொன்னான்.

அன்றைக்குச் சாயந்திரம் கமிட்டி கூடியது. ஏதாவது வழி பேசுவார்கள் என்று காப்பியை வைத்துவிட்டு ஓரமாக நின்றேன். தலைவர் திறப்பு விழாவைப் பற்றிப் பேசினார். அதிகாரிக்கு என்ன மாலை, யார் போடுவது, கிழங்கில் கேசரி கிண்டினால் ஒட்டுமா ஒட்டாதா. கேசரி பற்றி அரை மணி நேரம் பேசினார்கள். என்னால் பொறுக்க முடியவில்லை.

"வேலை முடிஞ்சா நம்ம ஆம்பளைங்கள லாரியில ஏத்துவான். அதுக்கு மாலை வேற போடுவீங்களா?" என்றேன்.

"கூட்டுற வேலையை மட்டும் பாரு, தங்காச்சி," என்றார் தலைவர்.

"அதான் பாக்குறேன். லிஸ்டுல இருக்கற அத்தனை பேரும் குனியணும்னுதானே உத்தரவு? நீங்க உசுரோட இருக்கறவங்களுக்கு மட்டும் கட்டிட்டீங்க. செத்தவங்க எங்க குனிவாங்க?"

 பொருளாளராக இருந்த மளிகைக்கடைக்காரர் விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். இன்னும் இருநூறு பேர் குனிய இடம் வேண்டும் என்றார். அதாவது இன்னும் ஒரு வருஷ வேலை. ஒரு பக்கம் சாக்கடை, ஒரு பக்கம் ரோடு. மண்டபம் நீள வேண்டுமானால் பின்பக்கம்தான் போக வேண்டும். பின்பக்கம் தலைவருடைய பலகைக் கிடங்கு.

தலைவர் எழுந்து நின்றுவிட்டார். ஒரு ஆணியைக்கூடத் தொட விடமாட்டேன், அது தன் வேர்வை என்றார். அவருக்கு வயது அறுபது. அவரை எந்த லாரியும் ஏற்றாது. எனக்கு வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன்.

"உங்க வீட்டுல நாலு பேரு. லிஸ்டுல பதினோரு பேரு. மிச்சம் ஏழு பேரு எங்கன்னு துவான் கேட்டா, கிடங்குல படுத்திருக்காங்கன்னு சொல்லட்டுமா?"

"ஆறு பேருதான் லா," என்றார் பொருளாளர். "ஏழாவது அவரு வீட்டு நாயி. அது வாசல்லதான் படுத்திருக்கு."

தலைவர் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் செட்டி போய், இடம் போதாமல் ஜனங்கள் அழுகிறார்கள் என்று அதிகாரியிடம் சொன்னார். அதிகாரி வந்தான். என் கணவரைக் கூப்பிட்டுக் குனிய வைத்து, தலையிலிருந்து குதிகால்வரை மூங்கிலை வைத்து அளந்தான். ஒரு குனிவுக்கு எத்தனை அடி என்று எழுதினான். லிஸ்டோடு பெருக்கினான். இவர் அவ்வளவு நேரமும் குனிந்தே நின்றார், இடுப்புப் பிடித்துக்கொண்டது. கணக்கு முடிந்ததும் அதிகாரி நேராக நடந்து கிடங்குச் சுவரில் கையை வைத்து, இது போக வேண்டும் என்றான். உள்ளே இருந்த பலகைகளைப் பார்த்து, இதுவும் உபயோகமாகும் என்றான்.

கிடங்கை இடித்து, அந்தப் பலகையிலேயே மண்டபத்தை நீட்டினோம். கவனமாக, நிதானமாக. எங்கள் முப்பத்தெட்டு அதற்குள் ஐம்பத்தொன்றாகியிருந்தது. ஐம்பத்தொரு தலைக்கட்டும் ஒரு வருஷத்துக்கு மேல் ஆணி அடித்தார்கள், பிடுங்கினார்கள், மறுபடியும் அடித்தார்கள். ஜப்பான்காரன் தோற்றான் என்ற செய்தி வந்தபோதும் வால்பக்கத்துக்குக் கூரை இல்லை. அதில் நானூறு பேரும் ஒன்றாகக் குனிந்ததே இல்லை.

வெள்ளைக்காரன் திரும்பி வந்து நிலைமை சீரான பிறகு கமிட்டி மறுபடியும் கூடியது. மண்டபம் பெரிதான கதையைச் சொல்லும்படி ஒரு கல் பதிக்க முடிவு செய்தார்கள். தலைவர் தன் கிடங்கையும் பலகையையும் பொதுமக்களுக்காக மனமுவந்து கொடுத்தார் என்று அதில் வெட்டியிருக்கிறது. படிக்கத் தெரிந்தவர்கள் படித்துச் சொன்னார்கள். நான் கேட்டுவிட்டு அந்தக் கல்லுக்குக் கீழே கூட்டிவிட்டுப் போனேன்.

அந்தக் கல்லைப் பதிக்கச் சிமெண்டு குழைத்தது என் கணவர். சும்மா செய்யக் கேட்டார்கள். கூலி வாங்கிக்கொண்டுதான் குழைத்தார்.