நேற்றைய வசூல் இருநூறு ரூபாய்

என் மடத்தனத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: நான் எழுதிய பொய்யை முதலில் நம்பியவன் நானேதான்.

கொட்டாரத்தில், அறுவடை முடிந்த வயலில் ஒரு நாடகக் கம்பெனி கொட்டகை போட்டிருந்தது. அதில் எனக்கு நோட்டீஸ் எழுதும் வேலை. முந்தின நாள் வசூலை மறுநாள் நோட்டீசில் போட்டு ஊர் ஊராகக் கொடுப்பது அன்றைய வழக்கம். தொகையைப் பார்த்துத்தான் ஜனங்கள் நாடகம் தேறுமா தேறாதா என்று முடிவு கட்டுவார்கள்.

எனக்கோ மேடையேறும் ஆசை. முதலாளியை நச்சரித்தேன்.

"எலே மக்கா, ஒரு நாளாவது எரநூறு ரூவா விழட்டு. ஒனக்கு மந்திரி வேசம் உண்டு. விழல்லேண்ணா கொட்டகையப் பிரிச்சிர வேண்டியதுதான்" என்றார்.

அன்றே எழுதிக் கொடுத்துவிட்டேன்: 'நேற்றைய வசூல் இருநூறு ரூபாய்! இடம் கிடைக்காமல் திரும்பியோர் முந்நூறு பேர்!'

அச்சாகி வந்த கட்டைப் பிரித்துப் பார்த்த டிக்கெட்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"எங் கையில விழுந்தது பதினேழு ரூவாதானவே! பாக்கிய நீரு மடியில கெட்டிட்டுப் போனீரா?"

"தொகையக் கண்டாத்தான் ஓய் ஆளு வரும்."

பிற்பகலில் கொட்டுக்காரனோடு மாட்டுவண்டியில் ஏறினேன். கன்னியாகுமரிச் சாலையில் கடல்காற்று எதிரே வந்தது. கையைத் திறந்தால் போதும், ரோஸ் காகிதங்கள் தாமே பறந்து தாமரைக் குளத்தின் மேல் மிதந்து இறங்கின. முந்நூறு, முந்நூறு என்று சக்கரம் உருண்டது. நானே எழுதிய அந்த முந்நூறு பேரும் வண்டிக்குப் பின்னால் நடந்து வருவதாகத் தோன்றியது. இன்னும் போடாத சரிகை அங்கி மேலில் குளிர்ந்தது. தென்னைகள் குனிந்து நின்றன. மந்திரியல்லவா, தலையை லேசாக அசைத்து வைத்தேன். கொட்டுக்காரன் எனக்கு வெயில் ஏறிவிட்டதென்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தான்.

அன்றைக்குக் கொட்டகையில் வழக்கமாக வரும் முகங்கள்கூட இல்லை. ராணி வேஷக்காரர் திரையை விலக்கி எட்டிப் பார்த்துவிட்டு மீசை மழித்த முகத்தோடு என்னை முறைத்தார். விடிந்ததும் மூங்கில்களை அவிழ்க்கச் சொல்லிவிட்டார் முதலாளி. மந்திரி பதவி மூங்கிலோடு போயிற்று.

காப்பிக்கடையில் கருப்பட்டி வியாபாரி உட்கார்ந்திருந்தார். ஒரு நாடகம் விடாமல் முன்வரிசையில் இருந்து பார்த்தவர்.

"அண்ணாச்சி, நேத்து நீங்களும் வரல்லியே, ஊரே வரல்லியே, என்னவாக்கும்?" என்று ஏறக்குறைய அழுதேன்.

காப்பியை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "எடமில்லேண்ணு நோட்டீசுல கண்டோம்."