பாதி வழியில் ஒரு விடுமுறை

அந்தக் குடியிருப்பில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'அணைச்சாச்சா அக்கா' என்றால்தான் தெரியும். வீட்டைப் பூட்டும் முன் மாடிப்படி முழுக்கக் கேட்கிற குரலில் அவள் கேட்கும் ஒரே கேள்வி அதுதான்: "எல்லாம் அணைச்சாச்சா?" அதைக் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர்களும் திரும்பிப் போய்த் தங்கள் விளக்கை அணைத்துவிட்டு வருவார்கள். அந்தக் குடியிருப்பின் மின்கட்டணம் குறைந்ததில் அவளுக்கும் பங்கு உண்டு. நன்றி சொன்னவர் யாரும் இல்லை, கேலி செய்தவர்கள்தான் நிறைய.

வேலை ஒரு பெரிய ஓட்டலின் சலவைப் பிரிவில். ஊர் சுற்றிப் பார்க்க வந்தவர்கள் படுத்துப் புரண்ட விரிப்புகளை அவளும் இன்னொருத்தியும் எதிரெதிரே நின்று, ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து உதறி மடிப்பார்கள். ஒருநாளும் அப்படி ஒரு விரிப்பில் அவள் படுத்ததில்லை. புருஷன் லிஃப்ட் பழுது பார்ப்பவர். நாள் பூராவும் மேலேயும் கீழேயும் போய் வந்தாலும் ஊர் எல்லையைத் தாண்டாத மனுஷன்.

அவளைக் கஞ்சம் என்பவர்களுக்கு அவளைத் தெரியாது. சாமான் வாங்கக் கிளம்பும் முன் வயிறு நிறையச் சாப்பிட்டுவிடுவாள். பசியோடு கடைக்குள் நுழைந்தால் கண்ணில் பட்டதெல்லாம் கூடைக்குள் குதிக்கும் என்பது அவள் கண்டுபிடிப்பு. வாரத்தில் ஒருநாள் கடைப்பக்கமே போகக் கூடாது, அலமாரியில் கிடப்பதை வைத்தே சமைக்க வேண்டும். அன்றைக்கு என்ன சாப்பாடு என்று கேட்டால் அவளுக்கே தெரியாது, சாப்பிட்ட பிறகும் யாருக்கும் தெரியாது. பிள்ளைகள் எதையாவது கேட்டால் இல்லை என்று சொல்ல மாட்டாள். "ஒரு வாரம் கழிச்சுக் கேளு" என்பாள். பாதி ஆசைகள் நாலாம் நாளே செத்துப்போகும், மீதியை மனதார வாங்கிக் கொடுப்பாள்.

இத்தனை மிச்சம் பிடிப்பதும் ஒரே ஒரு விஷயத்துக்காக. வருஷத்துக்கு ஒரு தடவையாவது குடும்பத்தோடு வெளியூர் போய் இரண்டு நாள் இருந்துவிட்டு வர வேண்டும். அதுதான் மூன்று வருஷமாகத் தட்டிப்போய்க்கொண்டிருந்தது. முதல் வருஷம் குளிர்பெட்டி உயிரை விட்டது. அடுத்த வருஷம் புருஷனின் கடைவாய்ப் பல். போன வருஷம் குளியலறைச் சுவர் ஒழுகி, கீழ்வீட்டுக்காரர் குடையோடு வந்து நியாயம் கேட்டார். ஒவ்வொரு தடவையும், இப்போது ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகள் பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொல்லிவைத்துவிட்டு, பிறகு சொன்ன வாயை மூடிக்கொள்ள வேண்டியிருந்தது.

இந்த வருஷம் அவள் மறுபடியும் பேச்சை எடுத்தபோது மகள் பாடப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள்: "இனிமே எங்க போறோம்னு முன்னாடியே சொல்லாதம்மா. போய்ட்டு வந்தப்புறம் சொல்லு, போதும்."

கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. பஸ் வராது என்று தெரிந்தவர்கள் சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னாள். அம்மாவுக்கு அது சுருக்கென்று தைத்தது. அவர்கள் போக நினைத்திருந்த ஏரி எங்கேயும் ஓடிவிடாது. ஆனால் இந்தத் தடவையும் போகாவிட்டால் தன் பேச்சுக்கு மகளிடம் மதிப்பு இருக்காது என்று பயந்தாள்.

வழி காட்டியவள் நாத்தனார். ஏரிக்கரை ஊரில் வாக்கப்பட்டவள். சிக்கனத்தில் அவளும் லேசுப்பட்டவள் இல்லை. எதை யார் நீட்டினாலும் "பாதி போதும்" என்பாள், மறு பாதியை நாளைக்கு வாங்கிக்கொள்வாள். அவள் வீட்டுக்காரருக்கும் இரண்டு வாலுகளுக்கும் பெரிய ஊரைப் பார்க்க வேண்டும், இவர்களுக்கு ஏரியைப் பார்க்க வேண்டும். "எங்க வீட்ல நீங்க இருங்க அண்ணி, உங்க வீட்ல நாங்க இருக்கோம். அறை வாடகை மிச்சம், அடுப்பும் சொந்த அடுப்பு மாதிரிதான்" என்றாள் போனில். கூட்டம் இல்லாத மாதம், அதிலும் வாரத்தின் நடுவில் என்று நாள் குறித்தார்கள். பெட்டி இரவல், படகுக்குக் காலை நேரச் சலுகை. இரண்டு பெண்களும் சேர்ந்து அந்தப் பயணத்தைப் பிழிந்து சொட்டுத் தண்ணீர் இல்லாமல் காயப்போட்டார்கள்.

சாவியைத் தபாலில் அனுப்புவது தண்டச் செலவு என்று இருவருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியது. இரண்டு பக்கத்துப் பஸ்களும் பாதி வழியில் ஒரு சந்திப்பு ஊரில் மத்தியானம் சாப்பாட்டுக்கு நிற்கும். அங்கேயே மாற்றிக்கொள்ளலாம் என்று முடிவானது.

சொன்ன நேரத்துக்கு இவர்கள் பஸ் வந்து நின்றது. அந்தப் பக்கத்துப் பஸ்ஸும் வந்தது. அதிலிருந்து எல்லோரும் இறங்கினார்கள், நாத்தனார் குடும்பம் மட்டும் இறங்கவில்லை. இவள் உடனே போன் போட்டாள்.

"எங்கே இருக்கீங்க?"

"பஸ்லதான் அண்ணி!" குரலில் அப்படி ஒரு பெருமை. "வேற பஸ் பிடிச்சேன், பாதி விலை! நேர்ல சொல்லி அசத்தலாம்னு இருந்தேன். என்ன, ஊருக்கு ஊர் நிறுத்துறான். ரெண்டு மணி நேரத்துல வந்துடுவோம்."

"எங்க பஸ் இப்போ கிளம்பிடுமே! உன் பக்கத்து வீட்ல இன்னொரு சாவி இருக்குமில்ல?"

"அதுக்கு இன்னொரு சாவி வெட்டணுமே, அண்ணி."

திட்ட வாயெடுத்தவள் மூடிக்கொண்டாள். தன் வீட்டுக்கும் ஒரே சாவிதான்.

ஓட்டுநர் ஒலிப்பானை அடித்தார். நாத்தனாரைப்போல இவள் பெருமைப்படவும் ஒன்று இருந்தது: இவர்கள் டிக்கெட் தள்ளுபடி டிக்கெட். இடையில் இறங்கினால் அவ்வளவுதான், வேறு பஸ்ஸில் செல்லாது, பணமும் திரும்பாது. அடுத்த பஸ் மறுநாள் காலைதான். ஏறிப் போனால் பூட்டிய வீட்டு வாசலில் உட்கார வேண்டும். மகள் ஜன்னல் வழியாக எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இறங்குங்க. விடுமுறை இங்கேதான் ஆரம்பிக்குது" என்றாள் அம்மா, தைரியம் இருப்பவள்போல.

புருஷன் பெட்டியை இறக்கினார். இளையவனான மகன் குதித்து இறங்கினான். மகள் கடைசியாக இறங்கினாள். "தெரியும்" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டாள்.

நாத்தனார் வந்ததும் அண்ணியும் அவளும் பஸ் நிலையத்தின் நடுவில் நின்று யார் மேல் தப்பு என்று கணக்குத் தீர்த்தார்கள். பாதியிலேயே நாத்தனாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அண்ணிக்கும் தொற்றிக்கொண்டது. அதற்குள் நாத்தனார் வந்த பஸ்ஸும் கிளம்பிப் போய்விட்டிருந்தது, அவர்களுக்கும் அடுத்த பஸ் மறுநாள் காலைதான். "சாப்பிடலாமா?" என்றார் லிஃப்ட்காரர். அன்றைக்கு அவர் பேசிய முதல் பேச்சு அது.

எதிரே ஒரு லாட்ஜ் இருந்தது. கைப்பையின் உள்துணியில் வைத்துத் தைத்திருந்த அவசரப் பணத்தைப் பல்லால் நூலைக் கடித்துப் பிரித்து எடுத்தாள். அதைப் பிரிப்பது அதுதான் முதல் தடவை. அதை எண்ணிப் பார்த்துக்கொண்டு பேரத்தில் இறங்கினாள். வாரநாள், வராந்தா காலி என்று அவள் ஒரு பக்கம் அடித்தாள், "பாதி போதும்" என்று நாத்தனார் மறுபக்கம் அடித்தாள். ஒருத்தியையே சமாளிக்க முடியாத இடத்தில் இரண்டு பேர். லாட்ஜ்காரர் இரண்டு அறையை ஒரு அறை விலைக்குக் கொடுத்துவிட்டு, தண்ணீர் குடிக்க உள்ளே போனார்.

லாட்ஜுக்குப் பின்னால் ஒரு கால்வாய் போனது. அதன் கரை உயரமாக, புல் மண்டிக் கிடந்தது. நாத்தனாரின் வாலுகள் பக்கத்துக் கடையில் தூக்கிப்போட்ட அட்டைப்பெட்டியைக் கிழித்து, அதன்மேல் உட்கார்ந்து கரை மேலிருந்து வயல் பக்கமாகச் சறுக்கினார்கள். மகனும் சேர்ந்துகொண்டான். மகள் சற்றுத் தள்ளி உட்கார்ந்து புல்லைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் பார்த்தால் அவளும் கரைமேல் நிற்கிறாள். அடுத்த நிமிஷம் அவள் போட்ட கூச்சலில் பஸ் நிலையத்தில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"அம்மா, நீயும் வா! காசு கேட்க மாட்டாங்க!"

அவள் கைப்பையைக் கட்டிப்பிடித்தபடி அட்டையில் உட்கார்ந்தாள். யார் தள்ளிவிட்டார்கள் என்று தெரியாது. வாழ்க்கையில் எதையும் நிதானம் பார்க்காமல் செய்யாதவள், கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "ஐயோ ஐயோ" என்று கத்திக்கொண்டே கீழே போய்ச் சேர்ந்தாள். எழுந்ததும் முதல் வேலையாக அட்டையைத் தட்டிப் பார்த்தாள். "இன்னும் நல்லாத்தான் இருக்கு. இன்னொரு தடவை வரும்" என்றாள். மகள் சிரித்துச் சிரித்துப் புல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

அன்றைக்கு முதல்முறையாக அடுத்தவர் துவைத்து மடித்த விரிப்பில் படுத்தாள். சுருக்கத்தைக் கையால் நீவிக்கொண்டே இருந்தவளுக்கு எப்போது தூக்கம் வந்தது என்று தெரியவில்லை.

காலையில் சாவிகள் ஒழுங்காகக் கைமாறின. நாத்தனார் குடும்பம் அந்தப் பக்கம் போனது, இவர்கள் ஏரிப் பஸ்ஸில் ஏறினார்கள். இரண்டு நாளில் ஒருநாள் போய்விட்டதே என்று அவளுக்கு மனசு அடித்துக்கொண்டது. இதற்கு என்ன சமாதானம் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் அவள் புடவையில் ஒட்டியிருந்த புல்லை எடுத்துப் போட்டாள்.

"அம்மா, அடுத்த வருஷம் எங்க போறோம்?"

அவள் திரும்பி மகளைப் பார்த்தாள். "போய்ட்டு வந்தப்புறம் சொன்னாப் போதும்னியே."

"பரவால்ல. இப்பவே சொல்லு."

அடுத்த வருஷத்தைப் பற்றி அவள் இன்னும் எதையும் யோசித்திருக்கவில்லை. இருந்தாலும் சொல்ல ஆரம்பித்தாள்.