சட்டமன்ற வாசலில் அக்காவை அடித்தேன்

அலோர் ஸ்டாரில், சட்டமன்ற வாசலில் காவல் நின்ற பெண் போலீஸ்களில் நான் ஒருத்திதான் தமிழச்சி. அதனால் அன்று காலை சார்ஜன் என்னை முன் வரிசையில் நிறுத்தினார். சுங்கை லாலாங் தோட்டத்திலிருந்து பஸ்ஸில் நாற்பது பேர் வந்திருந்தார்கள். தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளை இடிக்கக் கூடாது என்று தொகுதி உறுப்பினரான வை.பி.யிடம் மனு கொடுக்க வந்தவர்கள். மனுவைப் பிடித்துக்கொண்டு முன்னால் நின்றவள் என் கூடப்பிறந்த அக்கா.

"வை.பி. வெளிய வரட்டும். கையில குடுத்துட்டு போயிடறோம்லா."

"உள்ள கூட்டம் நடக்குதுக்கா. கொஞ்சம் பின்னால போங்க."

"நீ சொல்றியா, உன் சட்டை சொல்லுதா?"

நான் பதில் சொல்வதற்குள் கூட்டம் முடிந்து வை.பி. ஏறிய காடி உள்ளேயிருந்து வாசலுக்கு வந்துவிட்டது. கூட்டம் அதை நோக்கிப் பாய்ந்தது. எங்கிருந்தோ வந்த கல், என் பக்கத்தில் நின்ற போலீஸ்காரியின் புருவத்தைக் கிழித்தது. அவள் விரலிடுக்கில் ரத்தம் வழிந்தது. "தள்ளு!" என்று சார்ஜன் கத்தினார். கேடயத்தை முன்னால் கொடுத்துத் தள்ளினோம். ஒரு கை என் கேடயத்தின் விளிம்பைப் பற்றி இழுத்தது. யாருடைய கை என்று பார்க்கவில்லை. தடியால் ஓங்கி அடித்தேன். எலும்பு முறிந்த சத்தம் அவ்வளவு இரைச்சலிலும் எனக்குக் கேட்டது.

கையைப் பிடித்துக்கொண்டு அக்கா தரையில் உட்கார்ந்தாள். அவள் அழவில்லை. என்னையே பார்த்தாள். அப்போதாவது நான் நிறுத்தியிருக்க வேண்டும். அவளைத் தூக்க வந்த ஆளின் தோளிலும் ஓர் அடி போட்டேன்.

மத்தியானம் சீருடையை மாற்றாமலே ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டுப்போட்ட கையோடு அக்கா படுத்திருந்தாள்.

"அடிச்சது யாருன்னு தெரியலன்னு ரிப்போர்ட் குடுத்துட்டேன்," என்றாள். "உன் வேலை போயிடக்கூடாதுல்ல."

அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மறுநாள் என் வாக்குமூலத்தில், இரண்டு பேரையும் அடித்தது நான்தான் என்று எழுதிக்கொடுத்தேன். விசாரணை நடந்தது. வேலை போகவில்லை. என்னை அலுவலகத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

லைன் வீடுகளை இடித்துவிட்டார்கள். அக்கா இப்போது பாடாங் செராயில் வாடகைக்கு இருக்கிறாள். அவள் வலது கை விரல்கள் முழுதாக மடங்குவதில்லை. போன தீபாவளிக்கு முறுக்கு பிழிய நான்தான் போனேன். எதிரே உட்கார்ந்து, "இன்னும் அழுத்துடி, உனக்கா பலம் இல்ல?" என்றாள். நான் முறுக்கு அச்சைக் கீழே வைத்தேன். எண்ணெய் காய்ந்து புகைய ஆரம்பித்தது.