விளாங்குடியில் ஒரு கண்ணீர் அஞ்சலி

இன்று காலை விளாங்குடி பஸ் ஸ்டாப்பில் புதிதாக ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர். இறந்தவர், நேற்று டிவி சீரியலில் சுடப்பட்ட முதலமைச்சர்.

ஒட்டிய ரசிகர்கள் இருவரும் துக்க வீட்டில் பேசுவதுபோல் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"சட்டசபையில மைக்கை ஆஃப் பண்ணவும், மேசை மேல ஏறி நின்னு பேசுனாரே மாப்ள."

"அதை விடு. ஜெயில்ல இருந்துக்கிட்டே ஜெயிச்சாரே, அன்னைக்கு எனக்குச் சந்தோஷத்துல சோறே எறங்கல."

மூன்றாவதாக ஒரு ரசிகர் வந்து போஸ்டரை உற்றுப் பார்த்தார்.

"ஏண்ணே, என் போட்டோ மட்டும் ஏன் இம்புட்டூண்டு இருக்கு? அம்புட்டு எபிசோடும் பார்த்தவன் நானு."

சமாதானம் எடுபடவில்லை.

சாயங்காலம் நான் திரும்பும்போது பக்கத்திலேயே இன்னொரு அஞ்சலி போஸ்டர். முழுக்க அந்த மூன்றாமவர்தான். முதலமைச்சர் ஓரமாக, ஸ்டாம்பு சைஸில்.

சீரியலில் இன்னும் அடக்கமே முடியவில்லை. விளாங்குடியில் கட்சி உடைந்துவிட்டது.

நீங்கள் எந்த அணி?