சார்ஜர் கைப்பிடியில் அண்ணன் போட்ட பூட்டு

என் அண்ணனுக்குத் தெருவில் ‘ரெட்டைப்பூட்டு’ என்று பெயர். பூட்டு ரிப்பேர் செய்வதும் சாவி வெட்டுவதும் அவர் தொழில். எங்கள் பக்கத்தில் பாதி வீடுகளின் கதவுகளை அவர் திறந்திருக்கிறார். அதனாலேயே எந்தக் கதவின்மீதும் அவருக்கு நம்பிக்கை கிடையாது. சாவியைத் தொலைத்துவிட்டு வாசலில் நிற்பவர்களுக்குத் திறந்து கொடுத்துவிட்டுக் கடைக்கு வந்ததும், “இவ்ளோ லேசா திறக்குது. இத நம்பி உள்ள நிம்மதியா தூங்குறாங்க பாரு” என்று என்னிடம் அலுத்துக்கொள்வார். எங்கள் வீட்டு வாசலில் இரண்டு பூட்டுகள். இரண்டாவது பூட்டு முதல் பூட்டுக்குக் காவல்.

பூட்டியதும் இழுத்துப் பார்ப்பார். கொஞ்சதூரம் போய்த் திரும்பி வந்து மறுபடி இழுப்பார். கடைசியில் சாவித்துளை கதவைப் பார்க்கும்படி பூட்டைத் திருப்பிவிடுவார். வெளியே நிற்பவன் துளையைப் பார்த்தால் சாவியையே கணித்துவிடுவானாம். வேறு யாரும் இப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

அப்படிப்பட்டவர் ஒரு பழைய மின்சாரக் காரை வாங்கினார். பூட்டுத் திறக்க அழைக்கும் வீடுகளுக்குச் சத்தமில்லாமல் போய் வரலாம் என்று சொன்னார். சார்ஜ் போட வீட்டு ஓரத்தில் தனி லைன் இழுத்தோம். எலக்ட்ரீஷியன் வேலை செய்த நேரம் முழுக்க அண்ணன் அவர் தோளுக்குப் பின்னால் நின்றார். “மூச்சு விடவாச்சும் இடம் குடுங்க” என்று எலக்ட்ரீஷியன் என்னிடம் முறையிட்டார். நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்ததோடு சரி.

வயரைக் காரில் செருகினால் போதாது, அதையும் பூட்ட வேண்டும் என்று அண்ணன் முடிவு செய்தார். செருகும் கைப்பிடியில் விரலால் அழுத்துகிற ஒரு விசை உண்டு. அதை அழுத்தினால்தான் கைப்பிடி காரைவிட்டுக் கழன்று வரும். விசைக்குப் பக்கத்தில் சின்னத் துளை. அதில் ஒரு பூட்டை மாட்டிவிட்டால் விசை அசையாது. அதற்காகவே ஒரு பூட்டு தேடினார். கடையில் இருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகக் கம்பியால் திறந்து திறந்து ஓரமாகப் போட்டார். ஒன்று மட்டும் ஒரு சாயங்காலம் முழுக்கப் போராடியும் திறக்கவில்லை. “என்னாலயே முடியல. அப்ப இதுதான் பூட்டு” என்றார். அதன் சாவியை மற்ற சாவிகளோடு சேர்க்கவில்லை. சுவர்க் கடிகாரத்தின் முதுகில் ஆணியடித்து மாட்டினார். காலையில் கடிகாரத்துக்குப் பின்னால் கையை விட்டுச் சாவியை எடுப்பார், பூட்டைத் திறப்பார், சாவியை அதே ஆணியில் மாட்டிவிட்டுத்தான் செருப்புப் போடுவார். கை தானாகச் செய்கிற வேலையாக அது ஆகிவிட்டது.

வெளியில் இருக்கும் சார்ஜிங் நிலையங்களைப் பற்றிப் பேச்செடுத்தாலே முகம் சுளிப்பார். “எவனெவன் தொட்ட கைப்பிடியோ. எவன் வண்டில என்ன கோளாறோ, அது ஒயர் வழியா நம்ம வண்டிக்கு வராதுன்னு என்ன நிச்சயம்?” கார் வாங்கிய நாளிலிருந்து ஒரு தடவைகூட அவர் வெளியில் சார்ஜ் போட்டதில்லை. சார்ஜ் எவ்வளவு தூரம் தாங்குமோ அதுதான் எங்கள் உலகத்தின் எல்லை.

அண்ணன் மகள் அந்த எல்லையைத் தாண்டிப் போனவள். அண்ணி இறந்த பிறகு நான்தான் அவளை வளர்த்தேன். நர்ஸ் படிப்பு முடித்துவிட்டு வீட்டில் இருந்தபோது தன் அலமாரிக்கு ஒரு பூட்டு வாங்கிப் போட்டாள். அண்ணனுக்கு அது பொறுக்கவில்லை. அவள் வெளியே போயிருந்த நேரம் திறந்து பார்த்தார். உள்ளே துணிகளும் பழைய காலண்டர் படங்களும்தான் இருந்தன. திரும்பப் பூட்டிவிட்டார். ஆனால், பழக்கதோஷத்தில் துளையை உள்பக்கமாகத் திருப்பிவிட்டார். அவள் வந்ததும் அலமாரி முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். மறுநாள் ஒரு விடுதிக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு அப்பாவோடு பேசுவதே இல்லை. பேசுவதெல்லாம் என்னோடு.

அவளுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தது. போனால் சில வருஷம் வர முடியாது. கிளம்புகிற நாளைச் சொல்லிவிட்டு, “அப்பா வந்தா பாக்கலாம் அத்தை. நாலு மணி வரைக்கும் ஏர்போர்ட்டுக்கு வெளியதான் நிப்பேன்” என்றாள். நான் அதை அப்படியே அண்ணனிடம் சொன்னேன். அவர் வெட்டிக்கொண்டிருந்த சாவியைக் கெடுத்துவிட்டார்.

பஸ்ஸில் போகலாம் என்றேன். பஸ் நேரத்துக்கு வரும் என்று எந்த நம்பிக்கையில் ஏறுவது என்றார். காரில் கிளம்பினோம். எங்கள் பழைய பேட்டரிக்கு விமான நிலையம்வரை தெம்பு கிடையாது, வழியில் ஒருமுறை ஏற்றியே ஆகவேண்டும். அது தெரிந்துதான் பூட்டை ஒரு பையில் சுற்றி எடுத்து வந்தார். கருவிப் பையை மட்டும் எடுக்கவில்லை. அதை வண்டியில் வைத்தால், வண்டியைத் திருடுகிறவன் கையில் ஊரையே திறக்கிற ஆயுதம் கிடைத்துவிடும் என்பது அவர் வாதம்.

வேகம் கூடக்கூடச் சார்ஜ் மளமளவென்று இறங்கியது. நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு நிலையம் வந்தது. இரண்டு மெஷின்கள். ஒன்றுக்குப் பிளாஸ்டிக் பையால் முகத்தைக் கட்டிவிட்டிருந்தார்கள். பக்கத்தில் ஒரு டீக்கடை. கடை முன்னால் ஒரு பலகையில் வரிசையாகக் கொக்கிகள், கொக்கிகளில் கார்ச் சாவிகள்.

“சார்ஜ் போட்டுட்டுச் சாவிய இதுல மாட்டிடுங்க சார்” என்றார் டீக்கடைக்காரர். “முடிஞ்சதும் பின்னாடி வர்றவங்க கழட்டி, உங்க வண்டிய ஓரமா நிறுத்திட்டு அவங்க வண்டிக்குப் போட்டுக்குவாங்க. இங்க எல்லாரும் அப்படித்தான்.”

“என் வண்டிய எதுக்கு அவங்க ஓட்டணும்?”

“ஒரு மெஷின்தான ஓடுது. ஆளாளுக்கு டீ குடிக்கப் போயிட்டா வரிசை நகர வேணாமா?”

“நான் எங்கயும் போக மாட்டேன்” என்று சொல்லிவிட்டு அண்ணன் என் பக்கம் குனிந்தார். “பாத்தியா, எப்படித் தொங்க விட்டுருக்காங்கன்னு. ஒரு துண்டு சோப்பு இருந்தா போதும், அச்சு எடுத்து அத்தனை வண்டியையும் ஓட்டிட்டுப் போயிடலாம்.” அதில் ஆசை ஒன்றும் இல்லை. வயிற்றெரிச்சல்தான்.

கைப்பிடியை முகர்ந்து பார்த்தார். கர்ச்சீப்பால் துடைத்தார். செருகினார். எங்கள் வீட்டுக் கைப்பிடி போலவே இதிலும் துளை இருந்தது. பையிலிருந்து பூட்டை எடுத்து மாட்டி அழுத்தினார். இழுத்துப் பார்த்தார், துளையைத் திருப்பி வைத்தார். டீக்கடைக்காரர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

மெஷினில் எண் ஏற ஏற அண்ணனின் சந்தேகமும் ஏறியது. “இவ்ளோ சீக்கிரம் ஏறுதுன்னா ஏதோ கோளாறு. வீட்ல ராப்பூரா குடிக்கிறத இங்க ஒரு டீ குடிக்கிற நேரத்துல குடிச்சிடுமா?” பேட்டரி இருக்கும் இடத்தில் தரையோடு குனிந்து கையை நீட்டிச் சூடு பார்த்தார்.

ரொட்டி ஏற்றிய ஒரு சின்ன மின்சார வேன் வந்து பின்னால் நின்றது. ஓட்டி வந்த பெண் இறங்கி, போகிற போக்கிலேயே தன் சாவியைக் கொக்கியில் மாட்டினாள். எங்கள் மெஷின் நின்றது.

“முடிஞ்சிருச்சு அண்ணே. கழட்டிக்கலாமா?”

அண்ணன் சட்டைப் பையில் கையை விட்டார். பேன்ட் பையில் விட்டார். பூட்டு சுற்றிவந்த பையை உதறினார். பிறகு என்னைப் பார்த்தார்.

“சாவி?” என்றேன்.

“கடிகாரத்துக்குப் பின்னாடி.”

காலையில் பூட்டைத் திறந்ததும் கை தன் வேலையைச் செய்துவிட்டிருந்தது. பூட்டுவதற்குச் சாவி தேவையில்லாத பூட்டு. திறப்பதற்குத்தான் தேவை. வீட்டிலும் யாரும் இல்லை.

ரொட்டி வண்டிக்காரி குனிந்து பார்த்தாள். “கைப்பிடிக்குப் பூட்டா? இதுக்குமா?” பிறகு, “சரி, பூட்டுக்காரர் யாரயாச்சும் கூப்பிடலாம்” என்றாள்.

“நான்தாம்மா பூட்டுக்காரன்.”

“அப்பறம் என்ன, திறங்க.”

“திறக்க முடிஞ்சா இத எதுக்கு மாட்டப் போறேன்?”

என் கொண்டை ஊசியை வாங்கி நெடுநேரம் குடைந்தார். ஊசி வளைந்ததுதான் மிச்சம். தோற்றதில் அவருக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமை இருந்ததாகவே எனக்குப் பட்டது. பின்னால் இன்னும் இரண்டு கார்கள் வந்து நின்றுவிட்டன. ஒருவர் கண்ணாடியை இறக்கி, “மெஷினயே வீட்டுக்குக் கொண்டு போகப் போறாரா?” என்று கேட்டார்.

நாலு மணிக்குள் விமான நிலையம் போகவேண்டும் என்று நான் சொன்னதும், டீக்கடைக்காரர் ஒரு வழி சொன்னார். பக்கத்து டயர் கடையில் இரும்பு அறுக்கிற மெஷின் இருக்கிறது. அதை வைத்திருப்பவர் வெளியே போயிருக்கிறார், வந்ததும் அறுத்துவிடலாம். “ஆனா சாவிய வச்சிட்டுப் போகணும் சார். அறுத்ததும் வண்டிய நகத்தணும்ல.”

“நான் ரொட்டி போடறதே ஏர்போர்ட் கேன்டீனுக்குத்தான்” என்றாள் ரொட்டி வண்டிக்காரி. “அதுவரைக்கும் சார்ஜ் இருக்கு. அங்க ஒரு மெஷின் இருக்கு, கூட்டமா இருக்கும், பரவால்ல. முன்னாடி ரெண்டு பேரும் நெருக்கி உக்காருங்க.”

அண்ணன் அவளைப் பார்த்தார், வேனின் டயரைப் பார்த்தார், கொக்கிப் பலகையைப் பார்த்தார். “நீ போம்மா” என்றார் என்னிடம். “அவளப் பாத்துட்டு வா. நான் வண்டியோட இருக்கேன். யாரு என்னன்னு தெரியாம எப்படி விட்டுட்டுப் போறது?”

அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. அவள்தான். சத்தத்தில் காது கேட்காது என்று நான் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவேன். நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னேன். அவளுக்கு ஆச்சரியமே இல்லை.

“அப்பா வர மாட்டாரு அத்தை. காருக்குக் காவல் இருப்பாரு. எனக்குத் தெரியும். நீங்க மட்டும் வாங்க.”

கோபமாகச் சொல்லியிருந்தால் அண்ணன் பதில் பேசியிருப்பார். சாதாரணமாகச் சொன்னாள், இன்றைக்கு வெயில் அதிகம் என்பதைப் போல. அவர் கார்ச் சாவியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார். பிறகு நடந்துபோய்ப் பலகையின் கடைசிக் கொக்கியில் மாட்டினார். மாட்டிவிட்டு அதையும் ஒரு முறை இழுத்துப் பார்த்தார். டீக்கடைக்காரர் கேட்காமலேயே என் போன் நம்பரை எழுதிக்கொண்டார்.

வேனுக்குள் ரொட்டி வாசனை. நான் நடுவில், அண்ணன் கதவோரம். வேன் கிளம்பியதுமே ரொட்டி வண்டிக்காரியை விசாரிக்க ஆரம்பித்தார்.

“நீங்க வீட்ல சார்ஜ் போட மாட்டீங்களா?”

“என் வீடு மூணாவது மாடி அண்ணே. ஒயரத் தொங்க விட்டா கீழ்வீட்டுக்காரங்க என்னையே தொங்க விட்ருவாங்க. வீட்ல போடணும்னா வீடு தரையில இருக்கணும்.”

“சாவிய அப்படி மாட்டிட்டுப் போறீங்களே, ஒரு நாளும் காணாம போனதில்லையா?”

“வண்டியே ஒரு நாள் காணாம போச்சு. டீக்கடைல உக்காந்தபடியே தூங்கிட்டேன், முழிச்சுப் பாத்தா வண்டி இல்ல. தேடினா, கூரைக்கு அடியில நிக்குது. மழை வந்துச்சுன்னு யாரோ நகத்தி வச்சிருக்காங்க, ரொட்டி நனையக் கூடாதுன்னு.”

அண்ணன் இதை வெகுநேரம் யோசித்தார். “யாருன்னு விசாரிச்சீங்களா?”

“எதுக்கு?”

“இல்ல… என்ன உத்தேசத்துல நகத்தினான்னு.”

அவள் சிரித்த சிரிப்பில் வேன் ஒருமுறை ஆடியது.

அண்ணன் மகள் நுழைவாயிலுக்கு வெளியே பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள். ரொட்டி வேனிலிருந்து நான் இறங்குவதைப் பார்த்து எழுந்தாள். பின்னாலேயே அவள் அப்பா இறங்குவதைப் பார்த்து அப்படியே நின்றாள்.

“கார் எங்கப்பா?”

“அங்க… ஒருத்தர்கிட்ட விட்டிருக்கேன்.”

“யார்கிட்ட?”

“பேரு கேக்கல.”

அவள் என்னைப் பார்த்தாள். ஆமாம் என்று தலையசைத்தேன்.

என் போனில் ஒரு படம் வந்தது. எங்கள் கார் ஒரு மரத்தடியில் நின்றது. முன்பக்க மூடிமேல் அறுபட்ட பூட்டு. அண்ணன் போனை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கினார். “இந்தப் பக்கக் கண்ணாடி லேசா இறங்கின மாதிரி இல்ல?”

மகள் எட்டிப் பார்த்தாள். “வெயில் பளபளப்புப்பா.”

அவர் போனைக் கொடுத்துவிட்டுச் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் பூட்டை எடுத்தார். பெட்டிக்காக அவரே தேர்ந்தெடுத்தது. கூடவே இரண்டு சாவிகள். “ரெண்டும் உன்கிட்டயே இருக்கட்டும்” என்றார்.

அவள் வாங்கிக்கொண்டாள். பூட்டைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தாள். பூட்டுக்கடையில் வளர்ந்த பெண்.

“இந்த மாடலுக்கு மூணு சாவி வருமேப்பா.”

அண்ணன் சாலையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு பேன்ட் பையிலிருந்து மூன்றாவது சாவியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். அவருடைய கையை ஒரு நிமிஷம் விடாமல் பிடித்திருந்தாள். அது போதும் என்று எனக்குத் தோன்றியது.

பெட்டியைப் பூட்டினாள். பூட்டிவிட்டு, யோசிக்காமலே, சாவித்துளை பெட்டியைப் பார்க்கும்படி பூட்டைத் திருப்பி வைத்தாள். அண்ணன் அதைக் கவனித்தார்.

“இழுத்துப் பாத்தியா?” என்றார்.

“பாத்தேன்ப்பா” என்று சொல்லிவிட்டு இன்னொரு முறை இழுத்துக் காட்டினாள்.