என் 486-க்கு ஆதரவு இல்லையாம்

கெர்னல் எழுதுகிறவர்களுக்குப் போட்ட மெயிலுக்கு இன்று காலை பதில் வந்துவிட்டது. இரண்டே வாக்கியம், எண்ணிப் பார்த்தேன், வணக்கத்தையும் சேர்த்துப் பதினொரு சொல். அடுத்த பதிப்பிலிருந்து 486 என்ற பழைய வகைக் கம்ப்யூட்டர் சில்லுகளுக்கான ஆதரவை நீக்கிவிட்டார்களாம். ஆகவே நான் சொன்ன பழுதைத் திருத்த மாட்டார்களாம். கெர்னல் என்பது கம்ப்யூட்டரின் எல்லா வேலைக்கும் அடியில் கிடக்கும் நிரல். அதை எழுதுகிறவர்கள் பல தேசங்களில் இருக்கிறார்கள். போர்ட் பிளேரை ஒட்டிய இந்தக் கராச்சர்மாவில் ஒரு மழைக்காலம் இருந்து பார்த்தவர் ஒருவரும் இல்லை போலிருக்கிறது.

புதுக் கம்ப்யூட்டர் வாங்கலாம்தான். என் ரேடியோ கார்டை எதில் செருகுவது? இப்போது வருகிறவற்றில் அதற்கு இடமே கிடையாது. சிற்றலையில் வரும் வானிலைப் படத்தை வரி வரியாகத் திரையில் வரைகிற கார்டு அது. நெட் போனாலும் படம் வரும். நம் தீவில் நெட் போகாத மழை உண்டா, நீங்களே சொல்லுங்கள்.

பெட்டியின் மூடியைக் கழற்றினால் பூஞ்சை வாடை. அந்த வாடைக்கு யூசுப் பாய் ஞாபகம் வரும். தெற்கே ஹட் பே துறைமுகத்துக்குக் காய்கறி ஏற்றிப்போகும் படகுக்காரர். நான் பள்ளியில் கணக்கு எடுத்துக்கொண்டிருந்த காலத்தில், சாயங்காலமானால் ஈரக் காலோடு வந்து நிற்பார். "மாஸ்டர், பெட்டி என்ன சொல்லுது? நாளைக்குக் கெளம்பவா வேணாமா?"

ஒருமுறை படம் சரிந்து சரிந்து வந்தது. "க்யா மாஸ்டர், இலங்கை வந்து நம்ம மேல சாஞ்சு கெடக்கு! யாரு தள்ளிவிட்டா?" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கார்டின் சமிக்ஞைகளில் சிலவற்றைக் கெர்னல் தவறவிடுகிறது என்று கண்டுபிடித்து, பஜாரில் இருந்த நெட் கடையிலிருந்து மெயில் போட்டேன். யாரோ ஓர் அந்நியர் ஏழு கேள்வி கேட்டு, திருத்தம் எழுதினார். அதை இறக்க இங்கே லைன் தாங்காது. மெயின்லேண்டில் பாயின் மச்சான் சிடியில் ஏற்றிக் கப்பலில் வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பினார். வெங்காய மூட்டைகளோடு வந்து இறங்கியது. படம் நிமிர்ந்தது.

கப்பல் வந்தால், அடுத்ததை நம்பாமல் கிடைத்ததையெல்லாம் வாங்கி அடுக்குவது தீவுக்காரன் புத்தி. கடலடிக் கேபிள் வந்ததும் கெர்னலையும் அப்படியே அடுக்கினேன். புதிதாக எது வந்தாலும் இறக்கினேன். டிஸ்கில் இடம் போதாமல் பழையதை அழித்தேன். சிடியைப் பூஞ்சை தின்றுவிட்டது.

போன மழையில் புயல் எச்சரிக்கை வந்த கையோடு நெட் செத்தது. யூசுப் பாய் வந்தார். புதுக் கெர்னலில் படம் மறுபடி சரிவு. பழைய கெர்னலை இறக்கலாமென்றால் அதற்கும் நெட் வேண்டும்.

"தூஃபான் எங்க மாஸ்டர்? நம்ம பக்கமா, பர்மா பக்கமா?"

"தெரியல பாய்."

"தெரியலன்னா? ஆறு பேரு படகுல ஏறி உக்காந்துருக்கான்!" தலையைச் சாய்த்துச் சாய்த்துப் படத்தைப் பார்த்தார். "சரி, எறங்கச் சொல்றேன். காய் அழுகுனா அழுகட்டும். நீங்களும் மெயின்லேண்ட் ஆபீஸ் மாதிரி ஆயிட்டீங்க மாஸ்டர்."

நெட் திரும்பியதும் பழைய கெர்னலை இறக்கிவிட்டேன். படம் நேராகத்தான் வருகிறது. "அப்புறம் என்னப்பா, அதையே ஓட்டுங்க" என்கிறாள் மகள். அதில் இன்னொரு பழுது வந்தால் யாரிடம் போவது? அதற்காகத்தான் மெயில் போட்டேன். அதற்குத்தான் இந்தப் பதினொரு சொல்.

எரிச்சல் அடங்காமல், அடுத்த பதிப்பில் அவர்கள் நீக்கிய வரிகளைத் திறந்து பார்த்தேன். ஒவ்வொன்றின் முன்னாலும், நீக்கியதற்கு அடையாளமாக, ஒரு கழித்தல் குறி. எண்ணிக்கொண்டே போனவன் ஓரிடத்தில் எண்ணிக்கையை விட்டுவிட்டேன். அந்த அந்நியர் தம் திருத்தத்துக்கு மேலே ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு எழுதியிருக்கிறார். இத்தனை வருஷமாக என் பெட்டிக்குள்ளேயே இருந்தும் நான் பார்த்ததில்லை. 'போர்ட் பிளேரில் ஓர் ஆசிரியர் கண்ட பழுது. சீக்கிரம் சேர்க்கவும், அங்கே ஒரு படகு காத்திருக்கிறது.'

அதற்கு முன்னாலும் கழித்தல் குறி.