பெனாரு கொடுத்துவிட்டுப் போன கித்தார்

பெட்டியைத் திறந்ததும் முதலில் வந்தது வாசனைதான். பாச்சை உருண்டையும் பழைய வச்சிரப் பசையும், யாரோ எப்போதோ பிடித்த சுருட்டின் நெடியும் கலந்து, உள்ளே விரித்திருந்த சிவப்பு வெல்வெட் துணியிலிருந்து எழுந்து மூக்கில் ஏறியது. அந்தத் துணியின் நடுவில், தேன் நிறத்தில் பளபளத்துக்கொண்டு கிடந்த கித்தாரின் வயிற்றில் ஓட்டையே இல்லை. கித்தார் என்றால் நடுவில் வட்டமாக ஓட்டை இருக்கும் என்று மட்டுமே தெரிந்திருந்த நான், ஓட்டை போட மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது, அதனால்தான் மலிவாகத் தள்ளுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் எனக்கு முடிந்துவிட்டது. அப்பாவுக்கு வீடுகளுக்கு வயரிங் செய்கிற வேலை. ரெட்டியார்பாளையத்திலிருந்து அவருடைய சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து டவுனுக்கு வந்து, அவர் ஏணியில் ஏறி நிற்கும்போது கீழே நின்று கட்டிங் பிளேயரை எடுத்துக் கொடுப்பது என் வேலை. நாங்கள் அதிகம் போனது 'சொல்தா வீடு'களுக்கு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவர்களின் வீடுகளை அப்படித்தான் சொல்வோம். அப்படி ஒரு வீட்டுப் பையன்தான் பெனாரு. பெர்னார் என்பது பெயர்; தெருவில் அது பெனாரு ஆகிவிட்டது. என் வயதுதான். அவன் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தான், வாய் ஓயாமல் பேசினான். நான் யாராவது பெயரைக் கேட்டாலே தலையைக் குனிந்துகொள்கிறவன். ஆனாலும் எங்கள் இருவருக்கும் எப்படியோ ஒட்டிக்கொண்டது.

அந்தக் காலத்தில் ஒரு குடும்பம் பிரான்சுக்குப் புறப்படுகிறது என்றால், வீட்டுச் சாமான்களை முன்கூடத்தில் பரப்பி விற்பார்கள். 'பிரான்ஸ் சாமான் போட்டிருக்காங்க' என்று ஒரு பேச்சுக் கிளம்பினால் போதும், கண்ணாடி பீரோவும் பீங்கான் தட்டும் கடிகாரமும் மாலைக்குள் காலியாகிவிடும். பெனாருவின் தெருவிலேயே அப்படிப் போட்ட ஒரு வீட்டில், யாரும் சீண்டாமல் கடைசிவரை கிடந்ததுதான் அந்தக் கித்தார். சத்தம் வராது, மூன்று கம்பிகள் வேறு இல்லை. பெனாரு அவன் அப்பாவிடம் அழுது அடம்பிடித்து அதை வாங்கிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தான்.

"நீ வயரிங்காரரு புள்ளயாச்சே. சரி பண்ணிடு. பாதி ஒனக்கு, பாதி எனக்கு."

"எந்தப் பாதிடா?" என்றேன்.

"கம்பி இருக்கிற பாதி எனக்கு" என்று சொல்லிவிட்டு அவனே விழுந்து விழுந்து சிரித்தான்.

நான் அதுவரை ஸ்விட்சுப் பெட்டியைத் தவிர எதையும் கழற்றியது கிடையாது. கித்தாரின் முகத்தில் கம்பிகளுக்குக் கீழே தகர மூடி போட்ட இரண்டு கட்டைகள் இருந்தன. திருகாணியைக் கழற்றி மூடியை எடுத்தால், உள்ளே காந்தம், அதைச் சுற்றித் தலைமுடியை விட மெல்லிய செப்புக் கம்பி. 'பிக்கப்' என்று அதற்குப் பெயர் என்பதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. மேலே கம்பி அதிர்வதை இந்தக் காந்தக்கட்டைதான் மின்சாரமாக்கி வெளியே அனுப்புகிறது. இது செத்தால் கித்தார் வெறும் பலகை. ஒன்றில் அந்த மெல்லிய கம்பி முனையில் அறுந்திருந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு, நுனியை மட்டும் சுரண்டி, அப்பாவின் பத்துக்கோலைச் சூடாக்கி ஒரு கடுகளவு ஈயம் உருக்கி வைத்து ஒட்டினேன். திரும்ப முடுக்கும்போது பழைய மரத்தில் திருகாணி இறுகி மண்டை நசுங்கியது. அதனால் குளிக்கிற சோப்பில் ஒவ்வொன்றையும் தேய்த்துத் தேய்த்து முடுக்கினேன். வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது. பெனாருவும் பக்கத்தில் உட்கார்ந்து சோப்புத் தேய்த்துக் கொடுத்தான்.

ஆம்ப்ளிஃபயருக்கு எங்கே போவது? அவர்கள் வீட்டில் பெரிய வால்வு ரேடியோ ஒன்று இருந்தது. அதன் முதுகில் கிராமபோனுக்கென்று இரண்டு துளைகள் உண்டு. அதில் ஒயரைச் செருகினால் கித்தார் ரேடியோவுக்குள் பாடும். ஏற்கெனவே அதில் இருந்த, சுற்றுக்கம்பி போட்ட தடித்த மூன்றும் 'ங்ஙொய்' என்று அலறியபோது, கூடத்தில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த பெனாருவின் அம்மா, "யேசுவே!" என்று கத்தியதை மறக்க முடியாது. ஆனால் மற்ற மூன்று கம்பிகள் ஊமையாகவே இருந்தன. இல்லாத கம்பிகளுக்குப் பதிலாக, வலைச்சாமான் கடையில் தூண்டில் நரம்பு வாங்கி நாங்கள்தான் கட்டியிருந்தோம். இழுத்துப் பார்த்தோம், தளர்த்திப் பார்த்தோம், நரம்பை மாற்றிப் பார்த்தோம். என் ஒட்டுதான் சரியில்லை என்று பல நாள் நான் மனம் உடைந்து கிடந்தேன்.

அப்பாதான் ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இன்னாடா, மீன் புடிக்கப் போறீங்களா? காந்தத்துக்குப் பிளாஸ்டிக்கு எப்பிடிடா தெரியும்?"

அவ்வளவுதான். சைக்கிள் பிரேக் ஒயரைப் பிரித்து ஒற்றை இரும்பு இழையாக எடுத்துக் கட்டினோம். ஆறும் பாடின. விரல் நுனிகள் கிழிந்து ரத்தம் வந்தாலும் பெனாரு விடவில்லை. நானும் கொஞ்சம் கற்றுக்கொண்டேன், அவன் குளிக்கப் போகிற நேரத்தில் மட்டும். வாயால் சொல்ல வராத எதையோ அந்த ரேடியோ எனக்காகப் பேசியது போல இருக்கும்.

அந்த வருடம் அவர்கள் சொந்தத்தில் ஒரு ஞானஸ்நான விருந்து. பெனாரு நடுக்கூடத்தில் நின்று வாசித்தான். ரேடியோவின் துளையில் ஒயர் நிற்காமல் நழுவியதால், பின்னால் குந்தி உட்கார்ந்து அதைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். தொப்பி வைத்த ஒரு பெரியவர், "செத்துக் கெடந்த கித்தாரு ஆச்சே, யார் ரிப்பேர் பண்ணது?" என்று கேட்டார். பெனாரு கண் இமைக்காமல், "பிரான்சுக்கு அனுப்பிச் சரி பண்ணி வந்துச்சு மிசே" என்று பிரெஞ்சு மரியாதையோடு சொன்னான். என் பிடி தளர்ந்து ஒயர் நழுவியது, சத்தம் நின்றது. எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். "பயலுக்குத் தூக்கம் வந்துடுச்சு" என்றார் அந்தப் பெரியவர்.

திரும்பும்போது பெனாரு என் தோளில் கை போட்டான். "அப்பிடிச் சொன்னாத்தாண்டா மதிப்பாங்க. ஒன் பேரச் சொன்னா நம்புவாங்களா, சொல்லு." நானும் யோசித்துப் பார்த்தேன். நம்பமாட்டார்கள்தான் என்று எனக்கும் பட்டது.

பிறகு ஒருநாள் அவர்கள் வீட்டிலேயே சாமான் போட்டார்கள். கண்ணாடி பீரோ போயிற்று, அந்த ரேடியோவை மட்டும் என் அப்பா கேட்டு வாங்கிக்கொண்டார். கித்தாரையும் விற்றுவிடுவார்களோ என்பதே என் கவலையாக இருந்தது. புறப்படுகிற அன்று, கூடம் நிறையச் சொந்தக்காரர்கள் நின்றுகொண்டிருந்தபோது, பெனாரு உள்ளேயிருந்து பெட்டியோடு வந்து அதை என் இரண்டு கைகளிலும் வைத்தான்.

"முழுசா ஒனக்குத்தாண்டா. பத்திரமா வெச்சிக்க."

அவன் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "புள்ள மனசப் பாருங்க" என்றார்கள். எல்லோரும் பார்த்தார்கள். நான் அழுதுவிட்டேன்.

வீட்டுக்கு வந்து ரேடியோவில் செருகினேன். ஒன்றும் வரவில்லை. கை வைத்தால் வருகிற இரைச்சல்கூட இல்லை. ஒயர் அறுந்திருக்கும் என்று நினைத்துத் தகர மூடியைக் கழற்றினேன். திருகாணிகள் சுலபமாக வந்தன. புரிகளில் புதுச் சோப்பு ஈரப்பிசுக்கோடு ஒட்டியிருந்தது. மூடிக்குக் கீழே காந்தமும் இல்லை, கம்பியும் இல்லை. மூடி ஆடாமலிருக்க அட்டை மடித்து அளவாக வெட்டி வைத்திருந்தது. இரண்டிலும் அப்படியே. சோப்பு வித்தை தெரிந்தவர்கள் ஊரில் இரண்டு பேர்தான், அதில் ஒருவன் நான். பிரான்சுக்குக் கட்டிய பெட்டிகளில் கித்தாருக்கு இடமில்லை; உள்ளங்கையில் அடங்குகிற அந்த இரண்டு கட்டைகளுக்கு இருந்திருக்கிறது.

என்னை அதிகம் கொன்றது அந்த அட்டைதான். ஆத்திரத்தில் பிடுங்கிக்கொண்டு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. உட்கார்ந்து, அளந்து, வெட்டி, நான் ஆட்டிப் பார்த்தால் சத்தம் கேட்கக்கூடாது என்று யோசித்திருக்கிறான். அதன் பிறகுதான் கூடத்துக்கு வந்திருக்கிறான்.

அப்பா பார்த்துவிட்டு, "மரம் நல்ல மரந்தான். சாமி மாடத்துக்குப் பலகையா அடிச்சிடலாம்" என்றார். தேற்றத்தான் சொன்னார். யாரிடம் போய்ச் சொல்வது? அவன் கொடுத்ததை ஊரே பார்த்தது. வாய் திறந்தால், தானமாக வாங்கிக்கொண்டு குறை சொல்கிறவன் என்ற பெயர் எனக்குத்தான். அவனுடைய அத்தை தெருவில் என்னைக் காணும்போதெல்லாம், "பெனாரு குடுத்தத வாசிக்கிறியாப்பா?" என்று கேட்பார்கள். தலையாட்டிவிட்டு நடப்பேன். பிரான்சிலிருந்து அவன் எனக்கு ஒரு வரி எழுதியதில்லை.

இப்போது கதிர்காமத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஓட்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமை சந்தையில் உடைந்த எலக்ட்ரிக் கித்தார்களை வாங்கி, கழுத்தை நிமிர்த்தி, பிக்கப் மாற்றி, பாடவைப்பது என் பொழுதுபோக்கு. வாங்குவதற்கு முன் திருப்புளியை எடுத்து மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டுத்தான் பேச்சே. "டாக்டரு வந்துட்டாரு, வவுத்தக் கீறாம வாங்க மாட்டாரு" என்று கடைக்காரர்கள் கிண்டல் செய்வார்கள். சிரித்துக்கொள்வேன். அந்தத் தேன் நிறக் கித்தாருக்கும் எத்தனையோ பிக்கப்புகள் போட்டுப் பார்த்துவிட்டேன். எதுவும் அந்த ரேடியோவில் கேட்ட குரலில் பேசவில்லை. இப்போது இருப்பது மலிவான சீனச் சரக்கு.

போன டிசம்பரில் பெனாரு வந்தான். வாடகை ஸ்கூட்டரில், நரைத்த குறுந்தாடியோடு, வாசலில் இறங்கியதும் என்னைக் கட்டிக்கொண்டான். என் மனைவியிடம், "இவன் எனக்கு உயிரும்மா. என் கித்தாரயே குடுத்துட்டுப் போனேன், கேட்டுப் பாரு" என்றான். கித்தாரை எடுத்து வந்து கொடுத்தேன். இத்தனை வருடம் மனதுக்குள் ஒத்திகை பார்த்த வார்த்தைகள் அன்றைக்குத் தொண்டை வரை வந்திருந்தன. அவன் பழைய மெட்டு ஒன்றை வாசித்தான். கண்கள் கலங்கின.

"அதே சவுண்டுடா! கொஞ்சமும் மாறல!"

"உள்ள இருக்கறது வேற பிக்கப்பு" என்றேன். என்னால் சொல்ல முடிந்தது அவ்வளவுதான்.

அவன் வாசிப்பதை நிறுத்தி என்னைப் பார்த்தான். அந்த முகத்தில் திகைப்பைத் தவிர எதுவும் இல்லை. திருட்டு முழி இருக்கிறதா என்று தேடித் தேடிப் பார்த்தேன். இல்லை.

"மாத்திட்டியா? பழச இன்னாடா பண்ண?"

நான் அவன் கையிலிருந்து கித்தாரை வாங்கிப் பெட்டியில் வைத்தேன்.

"அதுலதாண்டா அதோட மதிப்பே. பத்திரமா வெச்சிக்கன்னு சொல்லிட்டுத்தான போனேன்?" என்று என் மனைவியைப் பார்த்து உச்சுக் கொட்டினான். "அன்னிக்கும் இப்பிடித்தாம்மா. குடுத்தத வெச்சிக்கத் தெரியாது இவனுக்கு."

"தொலஞ்சிடுச்சு" என்றேன்.

காபி குடித்துவிட்டுப் போனான். பெனாரு வீட்டில் சாமான் பரப்பி விற்ற அந்தக் கூடம் இன்று மஞ்சள் வண்ணம் பூசிய விடுதியின் வரவேற்பறை. பிரான்சுக்குப் போகிறவர்கள் சாமான்களைப் போனில் படம் போட்டு விற்கிறார்கள். பிரேக் ஒயரைப் பிரித்து யாரும் கம்பி கட்டுவதில்லை. அதெல்லாம் போனதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை. அவன் என்றாவது வருவான், 'பழச இன்னாடா பண்ண?' என்று நான் கேட்கலாம் என்று ஒரு கேள்வியைச் சிறு வயதிலிருந்து வைத்திருந்தேன். அதையும் அவனே கேட்டுவிட்டுப் போய்விட்டான்.